கொங்கு வெயிலுக்கு ஒரு கேமிங் கணினி

கேமிங் கணினி என்பது தனி ஜாதி இயந்திரம் அல்ல. மில் அலுவலகத்தில் கணக்கு எழுதும் கணினியில் உள்ள உறுப்புகள்தான் இதிலும் இருக்கின்றன. கூடுதலாக ஒரு கிராபிக்ஸ் கார்டு, அது கேட்கும் மின்சாரத்தைக் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ், அது கக்கும் வெப்பத்தை வெளியே தள்ளும் விசிறிகள், அவ்வளவே. மானிட்டரைச் சேர்க்காமல் 70,000 ரூபாய் முதல் 1,00,000 ரூபாய்க்குள் முடிவதை நடுத்தர விலை என்று கொள்ளலாம். கோவை காந்திபுரத்துக் கடைகளிலோ சென்னை ரிச்சி தெருவிலோ உறுப்புகளைத் தனித்தனியாக வாங்கி அசெம்பிள் செய்துகொள்வதே இந்த விலையில் வழக்கம். எந்த உறுப்பு எவ்வளவு வேகம் என்று சொல்லும் சோதனை முடிவுகள் இணையத்தில் ஏராளமாகக் கிடைக்கின்றன. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை இருபது, இருபத்திரண்டு டிகிரி அறைகளில், தூசியில்லாத மேஜைகளில், அசையாத மின்சாரத்தில் எடுக்கப்பட்டவை. சித்திரை மாதத்து ஈரோட்டுக்கும் தறி ஓடும் சோமனூருக்கும் கணக்கு வேறு.

தேர்வு மானிட்டரில் தொடங்க வேண்டும். திரையில் எத்தனை புள்ளிகள், விநாடிக்கு எத்தனை படங்கள் என்ற இரண்டு எண்களும் அங்கேதான் முடிவாகின்றன. 1920 × 1080 திரையில் சுமார் 20.7 லட்சம் புள்ளிகள் உண்டு. 2560 × 1440 திரையில் அது 36.9 லட்சம், 4கே திரையில் ஏறக்குறைய 83 லட்சம். 144 ஹெர்ட்ஸ் திரைக்கு ஈடுகொடுக்க வேண்டுமானால் ஒரு படத்தை வரைந்து முடிக்க 7 மில்லி விநாடிகூடக் கிடைக்காது. நடுத்தர விலைக் கணினிக்கு 144 ஹெர்ட்ஸ் 1080 திரை கச்சிதமாகப் பொருந்தும், கொஞ்சம் கை நீண்டால் 1440 திரை. இந்தப் பணத்தில் 4கே திரைக்குக் கணினி கட்டுவது மாட்டு வண்டியில் லாரிப் பாரம் ஏற்றுவது போன்றது.

அந்தப் புள்ளிகளுக்கு நிறம் தீட்டுவது கிராபிக்ஸ் கார்டு. பிராசஸருக்கும் அதற்கும் உள்ள உறவை எந்தத் திருப்பூர் பனியன் கம்பெனியிலும் பார்க்கலாம். கட்டிங் மாஸ்டர் அளவு பார்த்துத் துணியை வெட்டிக் கொடுப்பார். வரிசையாக உட்கார்ந்திருக்கும் டெய்லர்கள் ஒரே தையலைத் திரும்பத் திரும்பப் போடுவார்கள். எதிரி எங்கே நிற்கிறான், வண்டி எந்தப் பக்கம் திரும்புகிறது, எந்தச் சுவர் இடிகிறது என்றெல்லாம் முடிவுசெய்து வேலையைப் பிரித்துக் கொடுக்கும் பிராசஸர்தான் கட்டிங் மாஸ்டர். டெய்லர்கள் இருப்பது கிராபிக்ஸ் கார்டில். ரைசன் 5 7600 பிராசஸரில் கோர்கள் 6. ஆர்டிஎக்ஸ் 5060 கார்டில் சின்னஞ்சிறு கோர்கள் 3,840. மாஸ்டர் தாமதித்தால் டெய்லர்கள் கைகட்டி உட்கார்ந்திருப்பார்கள். டெய்லர்கள் போதாவிட்டால் வெட்டிய துணி குவிந்து கிடக்கும். விளையாட்டுகளில் பெரும்பாலும் நடப்பது இந்த இரண்டாவது சங்கடம்தான். அதனால் மொத்தப் பணத்தில் மூன்றில் ஒரு பங்கு முதல் ஐந்தில் இரண்டு பங்கு வரை கார்டுக்கு ஒதுக்குவது சரியான பங்கீடு.

2025 மே மாதம் வந்த ஆர்டிஎக்ஸ் 5060, அதற்கு அடுத்த மாதம் வந்த ரேடியான் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி ஆகியவை இந்த விலைப் பிரிவின் கார்டுகள். முதலாவதில் நினைவகம் 8 ஜிபி. இரண்டாவது 8 ஜிபி, 16 ஜிபி என இரு வகைகளில் வருகிறது. பெயர் ஒன்றாக இருப்பதால் பில்லில் எந்த வகை என்று பார்த்து வாங்க வேண்டும். கார்டின் நினைவகத்தில்தான் சுவரின் காரை, மரத்தின் பட்டை, முகத்தின் தோல் எல்லாம் படங்களாக அடுக்கிவைக்கப்படுகின்றன. அது நிரம்பிவிட்டால் மிச்சத்தைக் கணினியின் ரேமிலிருந்து இழுத்து வர வேண்டும். அந்த வழி குறுகலானது. ஓடிக்கொண்டிருந்த படம் திடீரென்று திக்கித் திக்கி நகரும். 1080 திரைக்கு 8 ஜிபி இப்போதைக்குப் போதும், ஆனால் புதிய விளையாட்டுகள் சிலவற்றில் தர அமைப்பைக் குறைக்க வேண்டிவரும். நான்கைந்து ஆண்டு வைத்திருப்பவர்கள் 16 ஜிபிக்குச் செலவழிப்பது வீண் அல்ல.

பிராசஸரில் ஆறு கோர், பன்னிரண்டு திரெட் உள்ள எதுவும் இங்கே போதும். ஏஎம்டியின் ரைசன் 5 7600, இன்டெலின் ஐ5-12400எஃப் இரண்டும் அந்த வகை. பெயரின் கடைசியில் வரும் 'எஃப்' என்ற எழுத்தைக் கவனிக்க வேண்டும். அந்தச் சிப்பில் உள்கட்டமைந்த கிராபிக்ஸ் இல்லை என்று பொருள். கிராபிக்ஸ் கார்டு வாரண்டிக்குப் போய்விட்டால் அது திரும்பி வரும்வரை கணினியில் படமே வராது. 7600-இல் சிறியதொரு கிராபிக்ஸ் உள்ளேயே இருப்பதால் விளையாட முடியாவிட்டாலும் கல்லூரி வேலை நிற்காது. பீளமேட்டிலும் பெருந்துறையிலும் பொறியியல் படிக்கும் மாணவர்கள் இதே கணினியில்தான் வரைபட மென்பொருளையும் புரோகிராமையும் ஓட்டுகிறார்கள் என்பதால் இது சின்ன விஷயம் அல்ல.

பிராசஸரின் சாக்கெட்டைப் பொறுத்தே மதர்போர்டு அமையும். ஏஎம்டி 2016-இல் கொண்டுவந்த ஏஎம்4 சாக்கெட்டுக்குப் பல ஆண்டுகள் புதிய பிராசஸர்கள் வந்துகொண்டே இருந்தன. 2022-இல் வந்த ஏஎம்5 சாக்கெட்டையும் அப்படியே தொடர்வதாக அந்த நிறுவனம் சொல்லியிருக்கிறது. பிற்பாடு பிராசஸரை மட்டும் மாற்றிக்கொள்ள நினைப்பவர்களுக்கு ஏஎம்5-உம் பி650 அல்லது பி850 சிப்செட் போர்டும் ஏற்றவை. வண்ண விளக்குகளுக்காகப் போர்டில் அதிகப் பணம் போடத் தேவையில்லை. பிராசஸருக்கு மின்சாரம் பிரித்துத் தரும் பகுதியின் மேல் அலுமினியப் பட்டை இருக்கிறதா, ரேமுக்கு நான்கு இடம் உண்டா, தேவையான யுஎஸ்பி துளைகள் உள்ளனவா என்று பார்த்தால் போதும்.

ரேம் குறைந்தது 16 ஜிபி வேண்டும், முடிந்தால் 32. ஒரே குச்சியாக வாங்காமல் ஜோடியாக வாங்கினால் பிராசஸர் இரண்டு வழியிலும் ஒரே சமயத்தில் எடுத்துக்கொள்ளும். டிடிஆர்4 ரேம் டிடிஆர்5 போர்டில் உட்காராது. வெட்டு இருக்கும் இடமே வேறு. 2025-இன் கடைசி மாதங்களில் செயற்கை நுண்ணறிவு மையங்கள் நினைவகச் சிப்புகளை அள்ளிக்கொண்டதால் ரேம் விலை உலகெங்கும் தாவி ஏறியது. அதனால் பழைய விலைப்பட்டியலை வைத்துக் கணக்குப் போட முடியாது. விளையாட்டுகளைச் சேமித்துவைக்கும் எஸ்எஸ்டி பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 1 டிபி அளவுள்ள என்விஎம்இ வகை போதும்.

இனி, பலரும் கடைசியில் மிஞ்சிய பணத்தில் வாங்கும் உறுப்புக்கு வரலாம். கேபினெட்டோடு சேர்ந்தே வரும் மலிவு எஸ்எம்பிஎஸ்ஸின் பெட்டியில் 450 வாட் என்று கொட்டை எழுத்தில் இருக்கும். உண்மை அதன் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் சிறு அட்டவணையில் இருக்கிறது. அதில் 12 வோல்ட் என்ற கட்டத்தின் கீழ் எத்தனை ஆம்பியர் என்று பார்த்து 12-ஆல் பெருக்க வேண்டும். 45 ஆம்பியர் என்றிருந்தால் 540 வாட். 550 வாட் எஸ்எம்பிஎஸ்ஸுக்கு அது யோக்கியமான கணக்கு. 450 வாட் என்று சொல்லிவிட்டு 12 வோல்ட்டில் 18 ஆம்பியர் மட்டும் இருந்தால், பிராசஸருக்கும் கார்டுக்கும் அதனால் கொடுக்க முடிந்தது 216 வாட்தான். ஆர்டிஎக்ஸ் 5060 முழு வேகத்தில் 145 வாட் எடுக்கும், 7600 பிராசஸர் 88 வாட் வரை எடுக்கும். மற்றவற்றையும் சேர்த்தால் 300 வாட்டை ஒட்டி வரும். கார்டுகள் கண நேரத்துக்கு இதைத் தாண்டியும் இழுக்கும். 550 அல்லது 650 வாட் அளவில், மின் சிக்கனத்துக்கான 80 பிளஸ் பிரான்ஸ் தரச் சான்று உள்ளது நல்ல தேர்வு. அதற்குள் இருக்கும் எலக்ட்ரோலிடிக் கப்பாசிட்டர்கள் வெப்பத்துக்கு அஞ்சுபவை. 10 டிகிரி கூடினால் அவற்றின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது மின்னணுவியலில் பழகிய கணக்கு. கரூர் வெயிலில் மலிவு எஸ்எம்பிஎஸ் சீக்கிரம் வீங்கிச் சாவதற்கு அதுவே காரணம். சாகும்போது மதர்போர்டையும் கார்டையும் கூடவே அழைத்துப் போவதும் உண்டு.

கொங்கு நாடு மோட்டார்களின் நாடு. கோவைத் தொழில் முன்னோடிகளான ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் 1937-இல் மின் மோட்டார் செய்துகாட்டிய மண் இது. இன்றும் வீட்டுக்கு வீடு கிரைண்டர், தோட்டத்துக்குத் தோட்டம் போர் மோட்டார். தூண்டல் மோட்டார் ஒன்று புறப்படும் கணத்தில் அதன் வழக்கமான கரண்டைப் போல ஐந்தாறு மடங்கு இழுக்கும். அப்போது அதே லைனில் எரியும் விளக்கு ஒரு நொடி மங்கிப் பிரகாசிப்பதை எல்லோரும் பார்த்திருக்கலாம். நல்ல எஸ்எம்பிஎஸ் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும்படி செய்யப்பட்டது. பெட்டியில் அந்த வரம்பு அச்சாகியிருக்கும். அதனால் வோல்டேஜ் குறைவதற்காகத் தனி ஸ்டெபிலைசர் வாங்குவது அநாவசியம். மின்சாரம் முழுதாக அறுபடும்போதுதான் ஆபத்து. எஸ்எம்பிஎஸ்ஸின் கப்பாசிட்டரில் சேர்ந்திருக்கும் மின்சாரம் முழுச் சுமையில் சுமார் 16 மில்லி விநாடி தாங்கும். அதற்குள் யுபிஎஸ் கைகொடுத்துவிட வேண்டும். வீட்டு இன்வெர்ட்டர் சாதாரண நிலையில் மாறுவதற்குள் கணினி அணைந்துவிடலாம். அதன் பின்புறமுள்ள சுவிட்சை 'யுபிஎஸ்' பக்கம் தள்ளினால் வேகமாக மாறும். தனி யுபிஎஸ் வாங்குவதானால் 600 விஏ என்பது 600 வாட் அல்ல என்பதை நினைவில் வைக்க வேண்டும். பொதுவாக அதன் வாட் அளவு 360. கணினியும் மானிட்டரும் விளையாட்டின் நடுவில் 330 வாட் இழுக்கும்போது அது மூச்சுத் திணறும். 1,000 விஏ அளவு நிம்மதி.

எர்த் இல்லாத பழைய வீடுகளில் கேபினெட்டின் பின்புறத் திருகைத் தொட்டால் விரலில் சுருக்கென்று இருக்கும். டெஸ்டரை வைத்தால் மங்கலாக எரியும். கணினி கெட்டுவிட்டது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். குறை கணினியில் இல்லை. எஸ்எம்பிஎஸ்ஸின் வாயிலில் இரைச்சலை வடிகட்டும் சிறு கப்பாசிட்டர்கள் லைனிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் எர்த்துக்குக் கட்டப்பட்டிருக்கின்றன. எர்த் கம்பி எங்கும் சேராதபோது கேபினெட் ஏறக்குறைய 115 வோல்ட்டில் மிதக்கிறது. கரண்ட் மிகச் சொற்பம் என்றாலும், எர்த் இல்லாத கணினியில் உள்ளே ஏதாவது கோளாறு நேர்ந்தால் காப்பாற்ற வழியில்லை. கிராபிக்ஸ் கார்டு வாங்குவதற்கு முன்னால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அந்த ஒரு பிளக் பாயிண்டைச் சரிசெய்வது நல்லது.

அடுத்தது வெப்பம். ஒரு கூலர் எத்தனை டிகிரியில் சிப்பை வைத்திருக்கும் என்பது அறையின் வெப்பத்தைச் சார்ந்தது. 22 டிகிரி அறையில் 67 டிகிரி காட்டும் பிராசஸர், மொட்டை மாடிக்குக் கீழே 38 டிகிரி அறையில் 83-ஐ எட்டும். 95 டிகிரியைத் தொட்டால் ரைசன் 7600 தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துவிடும். கணினி இழுக்கும் 300 வாட்டும் கடைசியில் வெப்பமாகவே அறைக்குள் வந்து சேர்வதால், ஜன்னலைச் சாத்திவிட்டு விளையாடினால் அறையும் கூடவே சூடேறும். எனவே கேபினெட்டின் முகப்பு கண்ணாடியாக இல்லாமல் சல்லடைபோல் துளைகளோடு இருக்க வேண்டும். முன்னால் இரண்டு விசிறி காற்றை இழுக்க, பின்னால் ஒன்று வெளியே தள்ள. உள்ளே வரும் காற்று சற்று மிகுதியாக இருந்தால் இண்டு இடுக்குகள் வழியாகத் தூசி உறிஞ்சப்படாது, வடிகட்டி வழியாக மட்டுமே வரும்.

வடிகட்டி இங்கே அலங்காரம் அல்ல. ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் காற்று பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலைகளைச் சுழற்றுகிறது. கூடவே செம்மண்ணையும் வாரிக் கொண்டுவருகிறது. தறிக்கூடத்தை ஒட்டிய வீடுகளில் பஞ்சு வேறு. மண் தூசி தனியாக வந்தால் ஊதினால் பறக்கும். பஞ்சிழை கூலரின் அலுமினியத் தகடுகளுக்கு இடையில் பின்னிக்கொண்டு, அதில் மண் படிந்து, கம்பளித் துண்டுபோல் ஆகிவிடும். விசிறி சுழன்றுகொண்டேயிருக்கும், காற்று மட்டும் போகாது. மாதம் ஒருமுறை வடிகட்டியைக் கழற்றிக் கழுவிக் காயவைத்தால் பெரும்பகுதி தீர்ந்தது. உள்ளே சுத்தம் செய்யும்போது கணினியை அணைத்து, பிளக்கைக் கழற்றி, புளோவரால் ஊத வேண்டும். ஊதும்போது விசிறி இலைகளை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். காற்று வேகத்தில் தறிகெட்டுச் சுழன்றால் பேரிங் தேயும். லேத் பட்டறையின் கம்ப்ரசர் காற்று வேண்டாம். அதில் ஈரமும் எண்ணெயும் கலந்திருக்கும்.

வாங்கும்போது ஜிஎஸ்டி 18 சதவீதம் சேர்ந்த விலையையே ஒப்பிட வேண்டும். பில் இல்லாமல் கொஞ்சம் குறைத்துத் தருவதாகச் சொன்னால் மறுப்பது நல்லது. கார்டும் எஸ்எம்பிஎஸ்ஸும் பல ஆண்டு வாரண்டி உள்ளவை. கோளாறு வந்தால் பில்லும் வரிசை எண்ணும்தான் பேசும். பெட்டிகளின் வரிசை எண்ணை உறுப்பிலுள்ள எண்ணோடு கடையிலேயே ஒத்துப் பார்த்துக்கொள்ளலாம். கரண்ட் செலவையும் முன்கூட்டியே கணக்கிடலாம். தினம் நான்கு மணி நேரம் 330 வாட் என்றால் இரண்டு மாத பில்லில் சுமார் 80 யூனிட் ஏறும். வீடுகளுக்கு இலவசமாகக் கிடைக்கும் யூனிட்டில் கணிசமான பகுதி அது.

எல்லாம் பூட்டி முடித்து முதல் முறை இயக்கும்போது கவனிக்க வேண்டியவை மூன்று. மானிட்டர் வயரை மதர்போர்டின் துளையில் செருகாமல் கிராபிக்ஸ் கார்டின் துளையில் செருக வேண்டும்; இல்லையென்றால் அத்தனை ஆயிரம் கொடுத்து வாங்கிய கார்டு சும்மா கிடக்கும். பயாஸுக்குள் போய் ஏஎம்டி போர்டில் 'எக்ஸ்போ', இன்டெல் போர்டில் 'எக்ஸ்எம்பி' என்ற அமைப்பை இயக்கினால்தான் ரேம் அதன் பெட்டியில் அச்சிட்ட வேகத்தில் ஓடும். விண்டோஸின் டிஸ்பிளே அமைப்பில் மானிட்டர் பல நேரம் 60 ஹெர்ட்ஸிலேயே நிற்கும். அதை 144-க்கு மாற்ற வேண்டும்.