சேவலைச் சுடலாம், பெட்டையைச் சுடக்கூடாது!

அக்டோபர் மாதம், மூன்றாவது சனிக்கிழமை. மணி எப்போது 10 ஆகும் என்று கொல்லை ஓரங்களில் துப்பாக்கியும் கையுமாக நிற்கிறார்கள். நாய்களுக்கோ இருப்புக்கொள்ளவில்லை!

இது அமெரிக்காவில், தெற்கு டகோட்டா மாநிலத்தில். கண்ணுக்கு எட்டிய தூரம் மக்காச்சோளம். இலையுதிர் காலத்தில் சோளத்தட்டை காய்ந்து நிற்கும்போது, அங்கே "பெசன்ட்" வேட்டை தொடங்கும். அண்ணன், தம்பி, மைத்துனர், பழைய நண்பர்கள் எல்லோரும் எங்கெங்கிருந்தோ வந்து கூடிவிடுவார்கள்.

பெசன்ட், கோழிக்கும் மயிலுக்கும் உறவுப் பறவை. சேவலுக்குச் செம்பு நிற உடம்பு, பச்சைத் தலை, சிவந்த முகம், நீண்ட வால். கழுத்தில் வெள்ளை வளையம். பெட்டையோ வைக்கோல் நிறம். படுத்தால் புல்லோடு புல்லாகிவிடும்.

கப்பலில் வந்த பறவை

இது அமெரிக்கப் பறவையே அல்ல! சீனாவில் பிறந்தது. ஷாங்காய் நகரில் அமெரிக்கத் தூது அதிகாரியாக இருந்த ஓவன் டென்னி, 1881-ம் ஆண்டு இதைக் கப்பலில் அனுப்பினார். பெரும்பாலானவை வழியிலேயே செத்துப்போயின. அவர் விடவில்லை. மறு ஆண்டு அனுப்பியவை ஆரிகன் மாநிலத்தில் பிழைத்துப் பெருகின.

தெற்கு டகோட்டாவின் ஸ்பிங்க் மாவட்டத்தில் 1908, 1909-ம் ஆண்டுகளில் சில பறவைகளை விட்டார்கள். 1919-ம் ஆண்டு அங்கே முதல் வேட்டை நடந்தது. ஒரே ஒரு நாள்தான்! 1943-ம் ஆண்டு, சீனாவில் இருந்து வந்த இந்தப் பறவை மாநிலப் பறவையாகவே ஆகிவிட்டது.

நாயின் மூக்கு

பெசன்ட் சேவல் லேசில் பறக்காது. சோள வரிசைக்குள் ஓடும். அதனால் வேட்டைக்காரர்கள் இரண்டாகப் பிரிகிறார்கள். சிலர் கொல்லையின் மறுகோடியில் காத்து நிற்பார்கள். மற்றவர்கள் நாய்களுடன் வரிசையாக நடந்து வருவார்கள்.

நாய் காற்றுக்கு எதிராக மோப்பம் பிடித்துப் போகும். "பாயின்டர்" இன நாய், பறவை அருகில் இருந்தால் சிலை போல நின்றுவிடும். லாப்ரடார் நாய் பாய்ந்து கிளப்பிவிடும். படபடவென்று இறக்கை ஒலி! உடனே யாராவது "சேவல்!" என்று கத்துவார்கள். "பெட்டை!" என்று குரல் வந்தால் அத்தனை துப்பாக்கியும் தாழும்.

ஏன் தெரியுமா? ஒரு சேவல் பல பெட்டைகளோடு கூடும். சில சேவல்கள் போனாலும் இனம் குறையாது. பெட்டை போனால் அடுத்த ஆண்டுக் குஞ்சுகளும் போச்சு! சேவல்கூட ஓர் ஆளுக்கு நாளுக்கு மூன்றுதான்.

பறவை தாழப் பறந்தாலும் விட்டுவிட வேண்டும். சோளத்துக்கு அப்பால் நிற்பது நண்பன் அல்லவா? நாயும் பறவையின் பின்னாலேயே துள்ளிக்கொண்டிருக்கும்.

அடிபட்ட சேவல் புல்லுக்குள் புகுந்தால் மனிதன் கண்ணுக்குத் தெரியாது. நாய் தேடிப்பிடித்து, பல் அழுந்தாமல் வாயில் கவ்வி, எஜமானன் கையில் கொண்டுவந்து கொடுக்கும். நாய் இல்லாமல் போகிறவன் சுட்டதில் பலவற்றைச் சாகவிட்டுத்தான் திரும்புவான். அது வேட்டையே அல்ல.

புல் இருந்தால் பறவை

பெட்டை தரையில்தான் முட்டை இடும். அதற்குப் புல் வேண்டும். குஞ்சு தின்னப் பூச்சி வேண்டும். இரண்டும் உழாத நிலத்தில்தான் கிடைக்கும். 1985-ம் ஆண்டு ஒரு சட்டம் வந்தது. நிலத்தை உழாமல் புல்லாக விடும் விவசாயிக்கு அரசு பணம் கொடுத்தது. 2007-ம் ஆண்டு அந்த மாநிலத்தில் பெசன்ட்கள் 1 கோடியே 20 லட்சத்தை நெருங்கின. பிறகு சோளம் விலை ஏறியது. விவசாயி என்ன செய்வான்? புல்லை உழுதான். 2013-ம் ஆண்டு பறவை ஏறக்குறையப் பாதியாகிவிட்டது!

சாயங்காலம் களஞ்சியத்தின் பின்னால் நண்பர்கள் இறகு பிடுங்குகிறார்கள். ஆனால் ஊருக்குக் கொண்டுபோகும் பறவையில் தலை, கால், இறகோடு கூடிய இறக்கை ஆகியவற்றில் ஒன்றாவது உடம்போடு ஒட்டி இருக்க வேண்டும். வழியில் அதிகாரி நிறுத்திப் பார்த்தால், அது சேவல்தான் என்று தெரியவேண்டுமே!