எத்தனை லூமன்? – சைக்கிள் விளக்கு வாங்கப் போறவங்களுக்கு

போன மாசம் மட்டும் மூணு பேர் என்கிட்ட ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "சார், ஆபீசுக்குச் சைக்கிள்ல போக ஆரம்பிச்சிருக்கேன். திரும்பும்போது ராத்திரி ஒன்பது ஆயிடுது. எத்தனை லூமன் லைட் வாங்கலாம்?" மூணு பேரும் சென்னைக்காரர்கள், என்னை மாதிரியே சாஃப்ட்வேர் ஆசாமிகள். எதைக் கேட்டாலும் ஒரு எண்ணைக் கேட்பது எங்க தொழில் புத்தி. ஆனா இந்த விஷயத்தில், அட்டைப்பெட்டியில் பெருசா அச்சடிச்சிருக்கிற அந்த எண்தான் மிகக் குறைவாக உதவும் எண். ஏன்னு ஒவ்வொருத்தருக்கும் போனில் விளக்குவதைவிட இங்கே எழுதி வைப்பது சுலபம்.

முதலில் ரெண்டு வேலையைப் பிரிச்சுக்கணும். நாம ரோட்டைப் பார்ப்பது ஒன்று. மத்தவங்க நம்மைப் பார்ப்பது இன்னொன்று. தெருவிளக்கு எரியும் மெயின் ரோட்டில் குழி எங்கே இருக்குன்னு பார்க்க முன்விளக்கு பெரும்பாலும் தேவையே இல்லை. அங்கே அது "நான் இங்க இருக்கேன்" என்று எதிரே ராங் சைடில் வரும் பைக்காரருக்குச் சொல்லத்தான். அதே ஆள் மெயின் ரோட்டை விட்டு ஏரிக்கரைப் பாதையில் திரும்பினால் கதையே மாறிடும். பெயின்ட் அடிக்காத ஸ்பீடு பிரேக்கர், மூடி இல்லாத மேன்ஹோல், நடு ரோட்டில் படுத்திருக்கும் கறுப்பு மாடு எல்லாத்தையும் காட்டித் தர வேண்டியது அந்த விளக்குதான். உங்க வழியில் எந்த ரோடு எத்தனை கிலோமீட்டர் என்பதுதான் முதல் கேள்வி. லூமன் அதுக்கப்புறம்.

லூமன்னா என்ன? விளக்கிலிருந்து எல்லாத் திசையிலும் சேர்த்து வெளியே வரும் மொத்த வெளிச்சம். லக்ஸ் என்பது ஒரு குறிப்பிட்ட இடத்தில், ஒரு சதுர மீட்டரில் எவ்வளவு வெளிச்சம் விழுது என்பது. தண்ணி லாரியை நினைச்சுக்கோங்க. குழாயிலிருந்து நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர் கொட்டுது என்பது லூமன், உங்க குடத்துக்குள்ள எத்தனை லிட்டர் விழுந்துச்சு என்பது லக்ஸ். குழாய் வாய் நாலாபக்கமும் பீச்சி அடிச்சா லாரி எவ்வளவு பெருசா இருந்து என்ன புண்ணியம்?

இப்போ ஆன்லைனில் மலிவா கிடைக்கிற "சைக்கிள் லைட்" பலவும் உண்மையில் கை டார்ச்தான். ஒரு கிளாம்ப் மாட்டி விக்கிறாங்க, அவ்வளவுதான். டார்ச்சின் வெளிச்சம் வட்டமாக இருக்கும். ஹேண்டில்பாரில் வைத்தால் அந்த வட்டத்தின் கீழ்ப்பாதி ரோட்டில் விழும், மேல்பாதி எதிரே வருபவர் கண்ணில் போகும். கண்ணில் போவது வீண் மட்டுமில்லை, ஆபத்தும்கூட. ஹைபீம் பட்டு ஒரு கணம் கண் இருண்டு போன அனுபவம் நம்ம ஊரில் எல்லாருக்கும் உண்டு. ஒரு குறுகிய தெருவில், உங்களை நோக்கி வரும் பைக்காரருக்கு அந்தக் கணத்தை நீங்களே உண்டாக்கினால், அவர் முட்டப் போவது உங்களைத்தான்.

இதை ஒழுங்காக யோசிச்சு சட்டமாகவே எழுதி வைத்திருப்பவர்கள் ஜெர்மன்காரர்கள். அவங்க சாலை வாகன அனுமதி விதிகளில் 67-ஆவது பிரிவு முழுக்க சைக்கிள் விளக்கைப் பற்றித்தான். முன்விளக்கு 10 மீட்டர் தூரத்தில் குறைந்தது 10 லக்ஸ் தரணும். கவனிங்க, லூமன் இல்லை, லக்ஸ். அதோட எதிரே வருபவருக்குக் கண் கூசக் கூடாது. அதனால் அங்கே விற்கும் விளக்குகளில் வெளிச்சத்தின் மேல் விளிம்பு கத்தியால் வெட்டின மாதிரி நேர்க்கோடாக நிற்கும், கார் லோ பீம் மாதிரியே. சோதனையில் தேறின விளக்கில் ஒரு அலைக்கோடும் 'கே' எழுத்தும் ஒரு எண்ணும் பொறிச்சிருப்பாங்க. 2013 வரைக்கும் சாதாரண சைக்கிளுக்கு டைனமோவே கட்டாயம் என்று வைத்திருந்தார்கள். பேட்டரி தீர்ந்துபோச்சு என்ற சாக்கே கூடாதாம்.

டைனமோன்னதும் நம்ம ஊர் பழைய சைக்கிளில் டயரை உரசிக்கொண்டு 'கிர்ர்ர்'னு சத்தம் போடுமே, அது ஞாபகம் வரும். லைட் இல்லாம வந்தா போலீஸ்காரர் டயர் காத்தைப் பிடுங்கி விட்டுடுவார் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் கதைகளும் கூடவே வரும். அந்த டைனமோவின் கணக்கு 6 வோல்ட், 3 வாட். அதில் 2.4 வாட் முன்னால், 0.6 வாட் பின்னால். பழைய இழை பல்பு வாட்டுக்குப் பத்துப் பதினைஞ்சு லூமன் தந்தாலே அதிகம். அதாவது முன்னால் வந்தது முப்பது லூமன் சொச்சம். அதே 2.4 வாட்டை வைத்துக்கொண்டு இன்றைக்கு புஷ் உண்ட் முல்லர் என்ற ஜெர்மன் கம்பெனியின் ஐக்யூ-எக்ஸ் விளக்கு 100 லக்ஸ் தருகிறது. எல்.இ.டி. வந்தது பாதிக் காரணம். மீதிப் பாதி, கிடைச்ச வெளிச்சத்தை ஒரு துளிகூட வானத்துக்கு விடாமல் ரோட்டுக்கே மடக்கிவிடும் கண்ணாடி வடிவமைப்பு.

அந்த மாதிரி விளக்கு இங்கே எளிதில் கிடைக்காது, கிடைச்சாலும் விலை கட்டாது. அதனால் நம்ம கடையில், நம்ம ஆன்லைனில் கிடைப்பதை எடை போடத் தெரியணும். அதுக்கு எட்டாம் வகுப்புக் கணக்கு போதும்.

ரீசார்ஜ் விளக்குகளில் பெரும்பாலும் இருப்பது 18650 என்ற லித்தியம் செல், லேப்டாப் பேட்டரிக்குள்ள இருக்குமே அதே உருளை. சாதாரணமா 2600 மில்லி ஆம்பியர்-மணி, 3.6 வோல்ட். பெருக்கினால் சுமார் 9.4 வாட்-மணி. லென்ஸ், சர்க்யூட் இழப்பெல்லாம் போக நல்ல எல்.இ.டி. விளக்கு வாட்டுக்கு 100 லூமன் தரும் என்று வைத்துக்கொள்வோம். ஆக ஒரு செல்லுக்குள்ள இருப்பது கிட்டத்தட்ட 940 லூமன்-மணி. இதை 300 லூமனில் எரிச்சால் மூணு மணி நேரம், 900 லூமனில் எரிச்சால் ஒரு மணி நேரம். இப்போ ஒரே ஒரு செல்லை வைத்துக்கொண்டு "5000 லூமன், 6 மணி நேரம்" என்று ஒருத்தர் விற்றால் அவர் 30,000 லூமன்-மணி இருக்குன்னு சொல்றார். முப்பது மடங்குக்கு மேல் பொய். உண்மையைச் சொல்லும் கம்பெனி, எந்த மோடில் எத்தனை லூமன், எத்தனை மணி நேரம்னு ஒவ்வொன்றா அட்டையில் போடும். பெருக்கிப் பாருங்க, செல்லோடு ஒத்துப்போகும்.

சரி, எவ்வளவு வேணும்? அதையும் கணக்கிலேயே பார்க்கலாம். 20 கி.மீ. வேகத்தில் போனால் ஒரு வினாடிக்கு 5.6 மீட்டர் ஓடுறோம். எதிரே குழியைப் பார்த்து, மூளைக்கு எட்டி, கை பிரேக்கைப் பிடிக்க ஒன்றரை வினாடி. அதுக்குள்ளேயே 8 மீட்டர் போயாச்சு. பிரேக் பிடிச்சு நிற்க இன்னும் 4 மீட்டர். மழை ஈரத்தில் அந்த 4, 8 ஆகிடும். ஆக 16 மீட்டர். 25 கி.மீ. வேகத்தில் போகிறவருக்கு ஈரத்தில் 20-ஐத் தாண்டும். இருட்டு ரோட்டில் 15 முதல் 20 மீட்டர் வரை தெளிவாகத் தெரிஞ்சா போதும், அதுக்கு மேல் தெரிஞ்சு நமக்கு ஆக வேண்டியது ஒன்றுமில்லை. என் கணக்கில் ஒழுங்கான வடிவத்தில் விழும் 200–300 லூமன் இதுக்குத் தாராளம். தினமும் முக்கால் மணி நேரம் போறவருக்கு 200–250 லூமனில் ஒரு சார்ஜ் வாரம் முழுக்க வரும். திங்கள் முதல் வெள்ளி வரை, ஞாயிற்றுக்கிழமை ஒரு சார்ஜ்.

வட்ட வெளிச்ச டார்ச் ஏற்கெனவே வாங்கிட்டீங்கன்னா தூக்கிப் போட வேண்டாம், சாய்ச்சு வைங்க. சைக்கிளைச் சுவரிலிருந்து 5 மீட்டர் தள்ளி நிறுத்துங்க. விளக்கு தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் இருந்தால், சுவரில் விழும் வட்டத்தின் நடு, விளக்கு உயரத்துக்கு 25 முதல் 33 சென்டிமீட்டர் கீழே இருக்கணும். அப்போதான் ரோட்டில் அது 15–20 மீட்டர் தூரத்தில் விழும். வட்டத்தின் மேல்பாதி இன்னும் கொஞ்சம் கூசத்தான் செய்யும். ரப்பரிலோ அட்டையிலோ மேலே ஒரு சின்ன தொப்பி வைத்தால் குறையும்.

இதுவரை பேசினது நாம் பார்ப்பதைப் பற்றி. எனக்கு அதிகக் கவலை தரும் பக்கம் இன்னொன்று. குழியில் விழுந்தால் முட்டி பேர்க்கும். பின்னால் வரும் வேன்காரர் நம்மைப் பார்க்கவில்லை என்றால் அதுக்கு மேல் கட்டுரை எழுத ஆள் இருக்காது.

இதில் நான் படிச்ச ஆய்வுகளில் ரெண்டு முக்கியமானவை. டென்மார்க்கின் ஓடன்சே நகரில் 2004-05-ல் ஒரு வருஷம் 3,845 சைக்கிள்காரர்களை வைத்துச் செய்தது முதலாவது. பாதிப் பேருக்குச் சக்கரக் கம்பியில் காந்தம் வைத்து, சைக்கிள் ஓடும்போதெல்லாம் பகலிலும் தானாக எரியும் விளக்கைக் கொடுத்தார்கள். மீதிப் பேர் வழக்கம்போல் ஓட்டினார்கள். விளக்கு வைத்தவர்களுக்குக் காயம் ஏற்பட்ட விபத்துகள் 19 சதவீதம் குறைவு. விபத்தைச் சொன்னவர்கள் அந்தச் சைக்கிள்காரர்களே என்பதால் 19 என்ற எண்ணை நான் கொஞ்சம் உப்புப் போட்டுத்தான் எடுத்துக்கொள்கிறேன். ஆனா திசை தெளிவு.

ரெண்டாவதுதான் என் யோசனையைப் புரட்டிப் போட்டது. ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்து தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆட்கள் செய்து 2012-ல் வெளியிட்டது. ராத்திரி ஒரு மூடிய சாலையில் ஓட்டுநர்களைக் கார் ஓட்ட விட்டு, சைக்கிள்காரர் இருக்கார்னு கண்டுபிடிக்கிறாங்களா என்று பார்த்தார்கள். கறுப்பு உடையில் இருந்தவரைக் கண்டுபிடிச்சது 2 சதவீதம். பகலில் பளீர்னு தெரியுமே அந்த ஃப்ளோரசென்ட் மஞ்சள் சட்டை, அதுக்கு 15 சதவீதம்தான். ராத்திரியில் புற ஊதாக் கதிர் இல்லை, அந்த மஞ்சளுக்கு வேலையும் இல்லை. ஒளி திருப்பும் பட்டை வைத்த சட்டைக்கு 50. அதே சட்டையோடு கணுக்காலிலும் முழங்காலிலும் பட்டை கட்டினால் 90. ஹேண்டில்பாரில் வைத்த விளக்கோ, எரிந்தாலும் மின்னினாலும், இந்த எண்களைக் கூட்டவே இல்லை.

ஏன் கால்? ரெண்டு காரணம். கால் மேலும் கீழும் போகும் தாளத்தை மனித மூளை உடனே "இது ஆள்" என்று படிச்சிடும். ஸ்வீடனின் குன்னார் யோஹான்சன் 1973-லேயே இதைக் காட்டிவிட்டார். மூட்டுகளில் மட்டும் ஒளிப்புள்ளி வைத்து இருட்டில் ஒருவரை நடக்கவிட்டால், பார்ப்பவர்கள் கண நேரத்தில் மனிதன் என்று சொல்லிவிடுகிறார்கள். ஒற்றைச் சிவப்புப் புள்ளி கடை போர்டாக இருக்கலாம், தூரத்து லாரியாக இருக்கலாம். ஏறி இறங்கும் ரெண்டு புள்ளி சைக்கிள்தான். அடுத்த காரணம், கார் லோ பீமின் வெளிச்சம் தாழ்வாகத்தான் விழும். நெஞ்சைவிடக் கணுக்காலுக்கு அது நன்றாகவே கிடைக்கும்.

நம்ம ஊர் சாதா சைக்கிளின் பெடலில் ஆரஞ்சு ரிஃப்ளெக்டர் ஒட்டியே வரும். பால்காரர் வண்டியிலும் அது உண்டு. காசு கூடக் கொடுத்து கியர் சைக்கிள் வாங்குபவர்கள்தான் முதல் வேலையாக அந்தப் பெடலைக் கழற்றிவிட்டு அலுமினியப் பெடல் மாட்டுகிறார்கள்! 2020-ல் மத்திய அரசு சைக்கிள் ரிஃப்ளெக்டர்களுக்குத் தரக்கட்டுப்பாட்டு ஆணை ஒன்றைக் கொண்டுவந்தது. கழற்றி எறிபவரை எந்த ஆணையும் ஒன்றும் செய்யாது.

ஆனா ரிஃப்ளெக்டருக்கு ஒரு எல்லை உண்டு. யாராவது ஹெட்லைட்டை நம்ம மேல் அடிச்சால்தான் அது உயிர் பெறும். ஹெட்லைட் இல்லாமல் வரும் பைக்குக்கும், சந்திலிருந்து குறுக்கே வரும் ஆட்டோவுக்கும் அது கிடையாது. அதனால் பின்விளக்கு கட்டாயம். ராத்திரிக்கு 20 லூமன் சிவப்பே போதும், எங்கே மாட்டுகிறோம் என்பதுதான் விஷயம். சீட் கம்பியில் மாட்டின விளக்கை மழைக்கோட்டும் தொங்கும் பையும் மறைச்சிடும். கேரியர் இருந்தால் அதன் கடைசி முனைதான் நல்ல இடம். தரைக்கு இணையாக, நேர் பின்னால் பார்த்து இருக்கணும். வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் பின்விளக்கை வாரத்துக்கு நாலு பார்க்கிறேன்.

மின்னணுமா, நிலையா எரியணுமா? மின்னுவது கண்ணை இழுக்கும், ஆனா எவ்வளவு தூரத்தில் இருக்குன்னு கணிக்க விடாது. ஜெர்மனியில் சைக்கிளில் பொருத்தும் விளக்கு மின்னவே கூடாது. நான் நிலையான ஒன்றைக் கேரியரிலும், மெதுவாக மின்னும் சின்னதொன்றைப் பையிலும் வைக்கிறேன். ஒன்று செத்தாலும் இன்னொன்று இருக்கும். பின்விளக்கு அணைஞ்சது ஓட்டுகிறவருக்குத் தெரியவே தெரியாதில்லையா?

மழையைப் பற்றி ஒரே வரி: ஐ.பி.எக்ஸ்.4 என்றால் தெறிக்கும் தண்ணியைத் தாங்கும், ஐ.பி.எக்ஸ்.6 என்றால் பீச்சி அடிக்கும் தண்ணியைத் தாங்கும். நவம்பர் சென்னைக்கு 6 பாருங்க. சார்ஜிங் ஓட்டையின் ரப்பர் மூடி தளர்ந்தால் எந்த எண்ணும் காப்பாற்றாது.

மூணு நண்பர்களில் ஒருத்தர், "ஐந்நூறு ரூபாய்தான் சார் இப்போதைக்கு" என்றார். அவருக்குச் சொன்ன வரிசை இதுதான்: முதலில் ரெண்டு கணுக்காலுக்கும் பட்டை, அடுத்து பின்விளக்கு, மிச்சம் இருந்தால் முன்னால் சின்னதாக ஒரு வெள்ளை விளக்கு. ஏரிக்கரைப் பாதைக்கான நல்ல முன்விளக்கு அடுத்த மாசச் சம்பளத்தில். அதுவரைக்கும் சுத்தினாலும் பரவாயில்லை, தெருவிளக்கு இருக்கிற மெயின் ரோட்டிலேயே வரச் சொல்லியிருக்கேன்.