கழற்றி மாட்டிய மரக்கோயில்!

ஒரு கட்டடத்தை மர அலமாரி மாதிரி கழற்றி, வேறு இடத்தில் மாட்ட முடியுமா? முடியும்!

வேல்ஸ் நாட்டின் தலைநகர் கார்டிஃப். 19-ம் நூற்றாண்டில் இங்கிருந்து கப்பல் கப்பலாக நிலக்கரி போனது. சுரங்கத்தின் கூரை சரியாமல் இருக்க முட்டுக் கொடுக்கணுமே? அந்த மரங்கள் நார்வேயிலிருந்து கப்பலில் வந்தன. அந்நாட்டு மாலுமிகளுக்காக 1868-ல் துறைமுகத்தில் எழும்பியதுதான் நார்வே தேவாலயம். வெள்ளை அடித்த பலகைச் சுவர், செங்குத்தான கூரை, குட்டிக் கோபுரம் என்று எல்லாம் அவங்க ஊர் பாணி! ஜெபம் செய்ய மட்டுமல்ல, சொந்த மொழியில் பேசவும் பத்திரிகை படிக்கவும் மாலுமிகள் வந்தார்கள். வீட்டை விட்டு வந்தவர்களுக்கு அது இன்னொரு வீடு.

பிறகு கப்பல்கள் குறைந்தன. 1974-ல் ஆலயத்தை மூடிவிட்டார்கள். கட்டடம் பாழானது.

ஆனால் மக்கள் விடவில்லை. 1987-ல் அதைப் பிரித்து எடுத்தார்கள். காரை பூசிய சுவரைப் பிரித்தால் உடைந்துபோகும். மரமோ ஆணியிலும் இணைப்பிலும் நிற்பது. கழற்றலாம், உளுத்த பலகையை மட்டும் மாற்றலாம். 1992-ல் அருகிலேயே வேறு இடத்தில் மறுபடி திறந்தார்கள்.

'சார்லியும் சாக்லேட் தொழிற்சாலையும்' கதை எழுதிய ரோல்ட் டால் குழந்தையாக ஞானஸ்நானம் பெற்றது இங்கேதான். அவர் பெற்றோர் நார்வேக்காரர்கள். ஆலயத்தைக் காக்கும் அறக்கட்டளைக்கு முதல் தலைவரும் அவரே. ஆனால் 1990-லேயே இறந்துவிட்டதால், திறப்பு விழாவைப் பார்க்கவில்லை.

பழசு என்றாலே இடிக்கத்தான் வேண்டுமா? யோசியுங்கள்!