நியூயோர்க்கில் நான்கு வாக்குகள்

ஐக்கிய அமெரிக்காவில் ஒருபாலினத் திருமணத்துக்குச் சட்ட அங்கீகாரம் கிடைத்த கதை பெரும்பாலும் நீதிமன்றங்களின் கதையாகவே சொல்லப்பட்டு வருகின்றது. 2003 ஆம் ஆண்டு மசாசூசெட்ஸ் மாநில உயர் நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பில் அது தொடங்குகின்றது. 2015 ஜூன் 26 ஆம் திகதி நாட்டின் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் வழங்கிய தீர்ப்புடன் முடிவடைகின்றது. இவ்விரண்டுக்கும் இடையில், நீதிமன்றம் கைவிரித்த பின்னர் சட்டவாக்க சபையின் வாசலில் ஐந்து வருடங்கள் காத்திருந்து, ஒருமுறை படுதோல்வி கண்டு, மறுமுறை நான்கு எதிரணி உறுப்பினர்களின் வாக்குகளால் வென்ற ஒரு மாநிலம் இருக்கின்றது. அது நியூயோர்க். ஒரு சமூகத்தின் உரிமை, சட்டசபைக் கணக்குகளுக்குள் அகப்பட்டு எவ்வாறெல்லாம் இழுபடுகின்றது என்பதை அறிய விரும்புவோருக்கு அதனைவிடப் பொருத்தமான உதாரணம் கிடைப்பது அரிது.

2006 ஜூலை 6 ஆம் திகதி நியூயோர்க் மாநிலத்தின் அதியுயர் நீதிமன்றமான மேன்முறையீட்டு நீதிமன்றம், ஒரே பாலினத்தைச் சேர்ந்த இருவருக்குத் திருமண அனுமதிப் பத்திரம் வழங்க மறுப்பது மாநில அரசியலமைப்புக்கு முரணானது அல்ல என்று நான்குக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. திருமணச் சட்டத்தை மாற்ற வேண்டுமாயின் அதனை மக்கள் பிரதிநிதிகளே செய்ய வேண்டும் என்பது பெரும்பான்மை நீதியரசர்களின் நிலைப்பாடாக இருந்தது. பிரதம நீதியரசர் ஜூடித் கே இதிலிருந்து மாறுபட்டார். இத்தீர்ப்பு ஒரு தவறான அடி என்றே எதிர்காலச் சந்ததி கருதும் என்பது அவரது கருத்தாகும். எவ்வாறாயினும் பந்து அல்பனியிலுள்ள சட்டவாக்க சபையின் பக்கம் வந்து சேர்ந்தது.

அங்கு இரண்டு சபைகள் உள்ளன. நூற்றைம்பது உறுப்பினர்களைக் கொண்ட கீழ்ச்சபையில் ஜனநாயகக் கட்சியினர் நீண்டகாலமாகவே பெரும்பான்மையினர். அறுபத்திரண்டு உறுப்பினர்களைக் கொண்டிருந்த செனட் சபையோ பல தசாப்தங்களாகக் குடியரசுக் கட்சியின் கோட்டையாக விளங்கியது. எமது நாட்டில் செனட் சபை 1971 இல் ஒழிக்கப்பட்டுவிட்டதால், கீழ்ச்சபை நிறைவேற்றிய சட்டமூலம் ஒன்று மேற்சபையில் முடங்கிக் கிடக்கும் காட்சியை இன்றைய வாசகர்களில் பலர் கண்டிருக்கமாட்டார்கள். நியூயோர்க்கில் நடந்தது அதுதான். 2007 ஜூன் மாதத்தில் ஆளுநர் எலியட் ஸ்பிட்சரின் சட்டமூலம் கீழ்ச்சபையில் 85 க்கு 61 என்று நிறைவேறியது. செனட் சபையில் அது வாக்கெடுப்புக்குக்கூட எடுக்கப்படவில்லை.

மறுவருடம் தனிப்பட்ட விவகாரம் ஒன்றினால் ஸ்பிட்சர் பதவி விலக, பதவிக்கு வந்த டேவிட் பற்றர்சன் வேறொரு வழியைக் கையாண்டார். பிற மாநிலங்களிலும் நாடுகளிலும் சட்டப்படி நடந்த ஒருபாலினத் திருமணங்களை மாநிலத் திணைக்களங்கள் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று 2008 மே மாதத்தில் பணிப்புரை விடுக்கப்பட்டது. இதன் விளைவு விசித்திரமானது. எல்லை கடந்து கனடாவுக்குச் சென்று மணம் முடித்துத் திரும்பிய தம்பதியினர் நியூயோர்க்கில் கணவன் மனைவிக்குரிய மாநில உரிமைகளைப் பெற்றனர். பயணச் செலவுக்கு வழியில்லாதவர்களுக்கு அந்த உரிமை இல்லை. சட்டம் இவ்வாறு அரைகுறையாக நிற்பது நீடிக்க முடியாது என்பது அப்போதே தெளிவாகியது எனலாம்.

2009 ஆம் ஆண்டில் செனட் சபை 32 க்கு 30 என்ற மயிரிழைப் பெரும்பான்மையில் ஜனநாயகக் கட்சியின் கைக்கு வந்திருந்தது. ஆதரவாளர்கள் தமது காலம் கனிந்துவிட்டதாக நம்பினர். ஆனால் அவ்வருடம் ஜூன் மாதம் ஜனநாயகக் கட்சி உறுப்பினர்கள் இருவர் திடீரென மறுபக்கம் தாவியதால் சபை ஒரு மாத காலம் செயலிழந்தது. யார் தலைவர் என்பதே தெரியாத நிலையில் எந்தச் சட்டமூலம் நகரும்? இறுதியில் டிசெம்பர் 2 ஆம் திகதி வாக்கெடுப்பு நடந்தபோது 24 பேர் ஆதரவாகவும் 38 பேர் எதிராகவும் வாக்களித்தனர். குடியரசுக் கட்சியின் முப்பது பேரும் ஒருவர் தவறாமல் எதிர்த்தனர். அவர்களுடன் ஜனநாயகக் கட்சியினர் எட்டுப் பேர் சேர்ந்துகொண்டனர். வாக்களிக்கும் முன்னர் ஆதரவாளர்களே பல மணிநேரம் உருக்கமாகப் பேசினர். எதிர்த்தோரில் எழுந்து பேசியவர் ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்த ரூபன் டியஸ் என்ற கிறிஸ்தவ போதகர் ஒருவரே. ஏனையோர் விவாதத்தில் பேசாமலேயே எதிர்த்து வாக்களித்தனர். வாதம் வைக்கத் தயங்கிய ஒரு பெரும்பான்மை எத்தனை காலம் உறுதியாக நிற்கும் என்ற கேள்வி அன்றே எழுந்திருக்க வேண்டும்.

அந்தத் தோல்வி ஆதரவாளர்களுக்குக் கணக்கொன்றைக் கற்பித்தது. உருக்கமான பேச்சு வாக்குகளைக் கொண்டுவருவதில்லை. பதவி பறிபோகும் என்ற அச்சமும், பதவி காக்கப்படும் என்ற நம்பிக்கையுமே கொண்டுவரும். 2010 தேர்தலில், எதிராக வாக்களித்தவர்களைத் தோற்கடிப்பதற்கென்றே ஓர் அமைப்பு பணத்துடன் களமிறங்கியது. முன்னர் எதிர்த்த எட்டு ஜனநாயகக் கட்சியினரில் நால்வர் அடுத்த சபையில் இருக்கவில்லை. எஞ்சிய நால்வரில் மூவர் 2011 ஜூன் மாதத்தில் மனம் மாறினர். மாறாதவர் டியஸ் மட்டுமே.

ஆயினும் அதே தேர்தலில் செனட் சபை மீண்டும் குடியரசுக் கட்சியின் வசமாகியது. 32 க்கு 30. அதாவது ஜனநாயகக் கட்சியில் 29 வாக்குகள் உறுதி. சட்டமூலம் நிறைவேற 32 தேவை. அதற்கு முன்னதாக, சட்டமூலத்தை வாக்கெடுப்புக்கு எடுப்பதா இல்லையா என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம் குடியரசுக் கட்சியின் தலைவர் டீன் ஸ்கெலோஸிடம் இருந்தது. புதிய ஆளுநர் அன்ட்ரூ கியூமோ இதனை நன்கு விளங்கிக்கொண்டார். தனித்தனியே இயங்கிப் பூசலிட்ட ஆதரவு அமைப்புகளை ஒரே கூட்டணியாக ஒன்றிணையச் செய்தார். வோல் ஸ்ட்ரீட்டின் செல்வந்தர்களான குடியரசுக் கட்சி நன்கொடையாளர்கள் சிலரையும் அணுகினார். அவர்களுள் ஒருவரான போல் சிங்கரின் மகன் தன்பாலினத்தவர். கட்சியை விட்டு விலகி வாக்களிக்கும் உறுப்பினர் தேர்தலில் அநாதரவாக விடப்படமாட்டார் என்பதே அந்தப் பணத்தின் மூலம் சொல்லப்பட்ட செய்தியாகும். கொள்கை வெற்றியொன்றின் பின்னணியில் இத்தகைய ஏற்பாடுகள் இருந்தன என்பதைச் சொல்லாமல் விடுவது வாசகருக்குச் செய்யும் நியாயமாகாது.

மறுபக்கத்திலும் அழுத்தம் குறைவாக இருக்கவில்லை. நியூயோர்க் பேராயர் திமோதி டோலன் வெளிப்படையாக எதிர்த்தார். பழைமைவாதக் கட்சியின் தலைவர் மைக்கல் லோங், ஆதரித்து வாக்களிக்கும் எவருக்கும் தமது கட்சியின் ஆதரவு இனிக் கிடையாது என்று எச்சரித்தார். நியூயோர்க்கில் ஒரே வேட்பாளரை இரண்டு கட்சிகள் நிறுத்த முடியும். பல தொகுதிகளில் பழைமைவாதக் கட்சியின் சில ஆயிரம் வாக்குகள் இல்லாமல் குடியரசுக் கட்சியினர் வெல்வது கடினம். ஆகவே அது வெற்று மிரட்டல் அல்ல.

2011 ஜூன் 15 ஆம் திகதி கீழ்ச்சபை 80 க்கு 63 என்று சட்டமூலத்தை நிறைவேற்றியது. அதற்குள் றொச்செஸ்டர் பகுதியைச் சேர்ந்த ஜேம்ஸ் அலெஸியும், சரடோகா பகுதியைச் சேர்ந்த ரோய் மக்டொனால்டும் ஆதரவு தெரிவித்துவிட்டனர். 31 ஆகியது. இன்னும் ஒன்று வேண்டும். அந்த ஒன்றுக்காக அல்பனி மேலும் ஒன்பது நாட்கள் இழுபட்டது. வழக்கமான கூட்டத்தொடர் முடிந்தும் உறுப்பினர்கள் வீடு திரும்பவில்லை. வீட்டு வாடகைக் கட்டுப்பாடும் சொத்து வரி உச்சவரம்பும் அதே நாட்களில் பேரம் பேசப்பட்டன. மண்டப வாசலில் இருதரப்பினரும் பாட்டும் பிரார்த்தனையுமாக நின்றனர்.

உள்ளே பேசப்பட்டது மத நிறுவனங்களுக்கான விலக்கு. இந்த விடயமே சட்டத்தின் உண்மையான மையம் என்பது எமது கருத்து. மதகுரு எவரும் தமது நம்பிக்கைக்கு மாறான திருமணத்தை நடத்தக் கட்டாயப்படுத்தப்படக் கூடாது என்பதில் எவருக்கும் கருத்து வேறுபாடு இருக்கவில்லை. கேள்வி அதற்கு அப்பால் எழுந்தது. தேவாலயத்துக்குச் சொந்தமான மண்டபத்தை வாடகைக்குக் கொடுக்க மறுத்தால் என்ன? மறுத்தமைக்காக அரசாங்க மானியம் நிறுத்தப்படுமா? குடியரசுக் கட்சியின் சார்பில் இதனைப் பேசியவர்கள் ஸ்டீபன் சலன்ட், அன்ட்ரூ லன்சா, கெம்ப் ஹனன் ஆகிய மூவர். இறுதியில் எட்டப்பட்ட உடன்பாட்டின்படி, மத நிறுவனங்களும் அவற்றின் நிர்வாகத்திலுள்ள அமைப்புகளும் திருமண வைபவங்களுக்கு இடமோ சேவையோ வழங்க மறுக்கலாம். அதற்காக வழக்கோ தண்டனையோ கிடையாது. மேலும் கடுமையான ஒரு வாசகமும் சேர்க்கப்பட்டது. சட்டத்தின் ஏதேனும் ஒரு பகுதியை நீதிமன்றம் செல்லாததாக்கினால் முழுச் சட்டமுமே செல்லாததாகிவிடும் என்பது அது. விலக்கை எதிர்த்து வழக்காடுபவர் தமது திருமண உரிமையையே பணயம் வைக்க வேண்டியிருக்கும். விலக்கு தனியார் வர்த்தகர்களுக்கு விரிவுபடுத்தப்படவில்லை. பண்ணையொன்றில் திருமண மண்டபம் நடத்திய உரிமையாளர்கள் இரண்டு பெண்களின் திருமணத்துக்கு இடமளிக்க மறுத்தபோது விதிக்கப்பட்ட பத்தாயிரம் டொலர் அபராதத்தை 2016 இல் மேன்முறையீட்டு மன்று உறுதி செய்தது.

ஜூன் 24, வெள்ளிக்கிழமை. குடியரசுக் கட்சியின் உறுப்பினர்கள் மூடிய கதவுகளுக்குப் பின்னால் பல மணிநேரம் கூடிப் பேசினர். தாம் எதிர்த்து வாக்களிக்கப்போவதை மறைக்காத ஸ்கெலோஸ், ஒவ்வொருவரும் மனச்சாட்சிப்படி வாக்களிக்கலாம் என்று அறிவித்துச் சட்டமூலத்தைச் சபைக்கு விட்டார். சட்டமூலமொன்று உறுப்பினர்களின் மேசையில் மூன்று நாட்கள் இருக்க வேண்டும் என்பது மாநில அரசியலமைப்பின் விதி. அவசரத் தேவை என்று ஆளுநர் அறிவித்து அந்த விதியைத் தவிர்க்கலாம். கியூமோ அவ்வாறே செய்தார். விவாதம் சுருக்கப்பட்டது. டியஸ் உரத்த குரலில் ஆட்சேபித்தார். அவரது கொள்கையை ஏற்காதவர்களும் அவரது ஆட்சேபத்தில் நியாயம் இருந்ததை மறுக்க முடியாது. இத்தனை பாரிய மாற்றத்தை நள்ளிரவை அண்டிய வேளையில் அவசரமாக நிறைவேற்றுவது சட்டவாக்க சபைக்குப் பெருமை சேர்ப்பதல்ல.

விலக்குகளைப் பேசி முடித்த சலன்ட் எழுந்து ஆதரவு தெரிவித்தபோது 32 ஆவது வாக்கு கிடைத்தது. அவருடன் பேச்சில் ஈடுபட்ட மற்ற இருவரும் எதிராகவே வாக்களித்தனர். பஃபலோவைச் சேர்ந்த கத்தோலிக்கரான மார்க் கிரிசாந்தி 33 ஆவது வாக்கை அளித்தார். இவர் முந்திய வருடம் ஒருபாலினத் திருமணத்தை எதிர்ப்பதாகக் கூறித் தேர்தலில் வென்றவர். சட்டத்தரணி என்ற முறையில் ஆராய்ந்தபோது, தமக்குள்ள உரிமையை மற்றவர்களுக்கு மறுப்பதற்குச் சட்டரீதியான நியாயம் எதனையும் காண முடியவில்லை என்று அவர் சபையில் விளக்கினார். 33 க்கு 29. நள்ளிரவுக்கு ஐந்து நிமிடங்கள் இருக்கையில் ஆளுநர் கையொப்பமிட்டார். சட்டம் ஜூலை 24 இல் நடைமுறைக்கு வந்தது.

இவ்விடத்தில் கலிபோர்னியாவுடனும் மெய்னுடனும் ஒப்பிட வேண்டியுள்ளது. 2008 இல் கலிபோர்னியாவில் நீதிமன்றம் வழங்கிய உரிமையை அவ்வருடமே 52 சதவீத வாக்காளர்கள் பறித்தனர். 2009 இல் மெய்ன் சட்டவாக்க சபை நிறைவேற்றிய சட்டம் சில மாதங்களில் வாக்காளர்களால் நீக்கப்பட்டது. இவ்விரு மாநிலங்களிலும் கையொப்பம் திரட்டிச் சட்டமொன்றைச் சர்வஜன வாக்கெடுப்புக்கு விட முடியும். நியூயோர்க்கில் அவ்வழி இல்லை. சட்டவாக்க சபையின் முடிவே இறுதி முடிவு என்பதனால்தான் இருதரப்பினரும் அந்த ஒரே வாக்குக்காக அவ்வாறு போராடினர்.

வாக்களித்த நால்வரும் விலை கொடுத்தனர். அலெஸி 2012 இல் மீண்டும் போட்டியிடவில்லை. மக்டொனால்ட் கட்சிக்குள் நடந்த தேர்வில் தோற்றார். சலன்ட் அத்தேர்வில் மயிரிழையில் தப்பியபோதும், பழைமைவாதக் கட்சி வேட்பாளர் வாக்குகளைப் பிரித்ததால் பொதுத் தேர்தலில் வீழ்ந்தார். கிரிசாந்தி ஒரு தவணை தாக்குப்பிடித்து 2014 இல் உட்கட்சித் தேர்வில் தோற்றார். பணம் பதவியைக் காக்கும் என்ற கணக்கு முழுமையாகப் பலிக்கவில்லை. அன்று அல்பனியைத் தமது பிடியில் வைத்திருந்த மூவரின் கதையும் நன்றாக முடியவில்லை. ஸ்கெலோஸும் கீழ்ச்சபைச் சபாநாயகர் ஷெல்டன் சில்வரும் ஊழல் வழக்குகளில் சிறை சென்றனர். பாலியல் தொந்தரவுக் குற்றச்சாட்டுகளை மறுத்தபோதிலும் கியூமோ 2021 இல் பதவி விலக நேர்ந்தது.

அந்தச் சட்டத்தால் என்ன கிடைத்தது என்பதை எடித் வின்ட்சர் என்ற முதிய பெண்மணியின் வழக்கு காட்டியது. கனடாவில் 2007 இல் தாம் மணந்த தியா ஸ்பையர் 2009 இல் காலமானபோது, அத்திருமணத்தை மத்திய அரசாங்கம் ஏற்காததால் அவர் 363,053 டொலர் மரண சொத்து வரி செலுத்த நேர்ந்தது. ஆணொருவரை மணந்திருந்தால் ஒரு சதமும் செலுத்த வேண்டியிருந்திராது. 2013 ஜூன் 26 ஆம் திகதி உச்ச நீதிமன்றம் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. மாநிலம் ஏற்ற திருமணத்தை மத்திய அரசாங்கம் இழிவுபடுத்த முடியாது என்பதே தீர்ப்பின் அடிப்படை. மாநிலம் ஏற்றிருந்தது என்பதனால்தான் அந்த வாதம் நின்றது.

எமது நாட்டில் பேசப்படுவது திருமணம் அல்ல, தண்டனை. 1883 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையிலுள்ள 365, 365 ஏ பிரிவுகளைத் திருத்துவதற்காக நாடாளுமன்ற உறுப்பினர் பிரேம்நாத் தொலவத்த கொண்டுவந்த தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று உயர் நீதிமன்றம் 2023 மே மாதத்தில் தீர்மானித்தது. சாதாரண பெரும்பான்மை போதுமானதாக இருந்தும் அது நிறைவேற்றப்படாமலேயே 2024 செப்டெம்பரில் நாடாளுமன்றம் கலைக்கப்பட்டது.

2022 ஜூனில் கருக்கலைப்பு உரிமையை உச்ச நீதிமன்றம் நீக்கியபோது, ஒருபாலினத் திருமணத் தீர்ப்பையும் மீளாராய வேண்டும் என்று நீதியரசர் கிளாரன்ஸ் தோமஸ் தனியாக எழுதினார். அவ்வருட டிசெம்பரில், மாநிலங்கள் நடத்திய இத்தகைய திருமணங்களை மத்திய அரசாங்கமும் பிற மாநிலங்களும் ஏற்க வேண்டும் என்ற சட்டத்தில் ஜனாதிபதி ஜோ பைடன் கையொப்பமிட்டார். நாளை 2015 ஆம் ஆண்டுத் தீர்ப்பு மாற்றப்பட்டாலும் நியூயோர்க்கில் திருமணம் செய்யும் உரிமை நீதிமன்றத்தின் தயவில் இல்லை. அது 2011 ஆம் ஆண்டு ஜூன் மாத இரவில் 33 பேர் அளித்த வாக்கில் தங்கியிருக்கின்றது. அதனை நீக்குவதாயின் அதே சபைகளில் மீண்டும் ஒரு வாக்கெடுப்பு நடத்த வேண்டும்.