கைக்கு ஒரு பெயர், காலுக்கு ஒரு பெயர்!

2014 மே மாதம். ஜோகன்னஸ்பர்க் விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தின் பெட்டக அறைக்குள் எட்டிப் பாருங்கள்! 30-க்கும் மேற்பட்ட இளம் ஆய்வாளர்கள். கைக்கு ஒரு மேசை, பாதத்துக்கு ஒரு மேசை, மண்டையோட்டுக்கு ஒன்று. பல் பார்க்கும் மூலைக்குச் செல்லப்பெயரே உண்டு: ‘டூத் பூத்’!

இந்தத் தொல்மனித எலும்புகள் வந்த வழி இன்னும் அபாரம். தென்னாப்பிரிக்காவின் ரைசிங் ஸ்டார் குகையின் செங்குத்துப் பிளவு 12 மீட்டர் ஆழம். சில இடங்களில் அகலம் 20 செ.மீ.கூட இல்லை. குகையில் தவழத் தெரிந்த ஒல்லியான ஆய்வாளர்கள் வேண்டும் என்று தொல்மானிடவியலாளர் லீ பெர்கர் ஃபேஸ்புக்கில் அறிவிக்க, ஆறு பெண்கள் தேர்வானார்கள். 2013 நவம்பரில் இறங்கினார்கள். அங்கிருந்து மேலே வந்தவை 1,550-க்கும் மேற்பட்ட துண்டுகள். குறைந்தது 15 பேருடையவை!

இப்போது மேசைகளைக் கவனியுங்கள். பாதம் கிட்டத்தட்ட நம்முடையது. தோளோ வாலில்லாக் குரங்கினுடையதைப் போல. கைக்குள்ளேயே இரண்டு கதை: மணிக்கட்டும் கட்டைவிரலும் நம்மைப் போல, விரல் எலும்புகளோ மரம் ஏறுபவைபோல வளைந்தவை. மூளைக்கான இடம் நமக்கிருப்பதில் பாதிகூட இல்லை!

தோள் மட்டும் கிடைத்திருந்தால் மிகப் பழைய மூதாதை வகையான ஆஸ்ட்ரலோபித்தேகஸ் என்றிருப்பார்கள்; பாதம் மட்டும் என்றால் நம் நெருங்கிய சொந்தம். என்னைச் சிலிர்க்க வைப்பது இதுதான். 1908-இல் ஹோமோ ஹைடல்பெர்கென்சிஸ் என்ற தொல்மனித இனத்துக்குப் பெயர் சூட்டியது ஒரேயொரு கீழ்த்தாடையை வைத்துத்தானே! அந்தத் தாடைக்குரியவரின் தோள் எப்படி இருந்திருக்கும்?

2015-இல் ‘ஹோமோ நலேடி’ என்று புது இனமாக அறிவித்தார்கள். உடனே எதிர்க்குரல்: இது ஏற்கெனவே அறிந்த ஹோமோ எரெக்டஸ் இனத்தின் பழைய வகைதான் என்றார் தொல்மானிடவியலாளர் டிம் ஒயிட். என் வாக்கு புது இனத்துக்கே. எரெக்டஸில் இப்படியொரு கலவையை யாரும் காட்டவில்லை.

உச்சக்கட்டம் 2017-இல். உருவத்தைப் பார்த்து வயது இருபது லட்சம் ஆண்டுகூட இருக்கலாம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். பற்களையும் அவற்றைச் சூழ்ந்த சுண்ணாம்புப் படிவுகளையும் அளந்தால் வந்த விடை 2,36,000 முதல் 3,35,000 ஆண்டுகள்! மொராக்கோவின் ஜெபெல் இர்ஹூதில் நம் இனத்தின் முன்னோர் வாழ்ந்த அதே காலகட்டம். அப்படியானால் தென்னாப்பிரிக்காவில் அக்காலத்துக் கற்கருவிகள், பக்கத்தில் ஓர் எலும்பும் இல்லாமல், கிடக்கின்றனவே. அவற்றைச் செதுக்கியது யார் கை? இதுவரை அவை நம் முன்னோர் கணக்கில்தான் எழுதப்பட்டு வந்தன. அந்தக் கணக்கை இனி திறந்தே வைக்க வேண்டும்!