நாளுக்கு நாற்பது ஷில்லிங் வெளிச்சம்

விக்டோரியா ஏரியை ஒட்டிய கென்யக் கிராமங்களில் மாலை ஏழு மணிக்குள் இருட்டிவிடும். நிலநடுக்கோடு ஓடும் பகுதி என்பதால் ஆண்டு முழுவதும் பகலும் இரவும் ஏறக்குறைய சரிபாதி. அந்தப் பன்னிரண்டு மணி நேர இருட்டுக்குப் பல வீடுகளில் நெடுங்காலம் துணையிருந்தது ‘கொரொபோய்’. பழைய தகர டப்பாவில் திரியைச் செருகிச் செய்த மண்ணெண்ணெய் விளக்கு அது. கண்ணாடிக் கூண்டு கிடையாது. இத்தகைய விளக்குகளில் எரியும் எண்ணெயில் 7 முதல் 9 சதவீதம் கரித்துகளாக வெளியேறுகிறது என்று 2012இல் வெளியான ஆய்வு அளந்து சொன்னது. குனிந்து படிக்கும் பிள்ளையின் மூக்குக்கு ஒரு சாண் தூரத்தில்தான் அந்தப் புகை எழும்.

வெயிலுக்கு அங்கே பஞ்சமில்லை. சூரியத் தகட்டின் விலையும் மளமளவென்று இறங்கியது. ஆனால் தகடு வாங்குவதென்றால் இருபது ஆண்டு வெளிச்சத்துக்கு ஒரே நாளில் பணம் கட்டுவது. மண்ணெண்ணெயை அரை பாட்டிலாக வாங்குகிறவர் அதற்கு எங்கே போவார்?

வழி திறந்தது கைப்பேசியில். 2007இல் வந்த ‘எம்-பெசா’, வங்கிக் கணக்கே இல்லாதவரும் கைப்பேசியிலேயே பணம் அனுப்ப வழி செய்தது. அதன்மேல் ஏறி 2012இல், சூரிய விளக்குத் தொகுப்பைத் தவணைக்குத் தந்த ‘எம்-கோபா’ நிறுவனம் சந்தைக்கு வந்தது. ‘கோபா’ என்றால் சுவாஹிலியில் கடன் வாங்குதல். தொடக்கக் காலத்தில் சுமார் 3,000 ஷில்லிங் முன்பணம். பிறகு நாளுக்கு 40, 50 ஷில்லிங் என்று ஓராண்டு. நம் ஊர்த் தண்டல் போலத்தான், ஆனால் வசூலுக்கு ஆள் வருவதில்லை. சுவரில் மாட்டிய பெட்டிக்குள் ஒரு சிம் அட்டை இருக்கிறது. பணம் வந்தால் பெட்டி விளக்கை எரிய விடும், வராவிட்டால் பூட்டிக்கொள்ளும்.

இத்தகைய தொகுப்பில் எட்டு வாட் தகடு ஒன்று என்று கொள்வோம். ஐந்து மணி நேர நல்ல வெயிலில் 40 வாட்-மணி கிடைக்கும். இழப்பு போக, முப்பது என்று வைத்துக்கொள்ளலாம். பழைய 60 வாட் குண்டு பல்பு அதை அரை மணியில் தின்று தீர்த்துவிடும். ஒரு வாட் எல்.இ.டி. விளக்குகள் மூன்று, ஐந்து மணி நேரம் எரிந்தாலும் பாதிதான் செலவு. மிச்சத்தில் கைப்பேசிக்கும் ரேடியோவுக்கும் இடமுண்டு. நீல நிற எல்.இ.டி.க்கு 2014இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்ததே, அந்தக் கண்டுபிடிப்பு இல்லாவிட்டால் இந்தக் குட்டித் தகடு எதற்கும் உதவியிருக்காது.

ஆனாலும் அந்தப் பூட்டு என் மனதை உறுத்துகிறது. மழை பொய்த்து, மக்காச்சோளம் கருகிய மாதத்திலும் தவணை நிற்பதில்லை. வீட்டில் காசில்லாத நேரத்தில்தான் விளக்கும் அணைகிறது. ஆப்பிரிக்காவில் இன்னும் சுமார் 60 கோடிப் பேர் மின்சாரமின்றி இருக்கிறார்கள். அவர்களில் மிக வறியவர்களுக்கு அன்றாடத் தவணையும் எட்டாது. அங்கே அரசின் மானியம் வந்தே ஆக வேண்டும். கென்ய அரசோ 2020இல் சூரியச் சாதனங்களுக்குத் தந்திருந்த வரிவிலக்கையே எடுத்துவிட்டது. எதிர்ப்பு எழுந்தபின் 2021இல் திருப்பித் தந்தது.

கடன் தீர்ந்து, பூட்டு நிரந்தரமாகத் திறந்த பிறகும் ஒரு கேள்வி பாக்கியிருக்கிறது. தகடு இருபது ஆண்டு உழைக்கும். பேட்டரி பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து ஆண்டுதான். ரேடியோ, கைப்பேசி பழுது பார்ப்பவரை அங்கே ‘ஃபுண்டி’ என்பார்கள். எந்தச் சந்தையிலும் ஒருவர் இருப்பார். அவர் கையிலுள்ள திருப்புளிக்கு அந்தப் பெட்டி திறக்க வேண்டும், மாற்று பேட்டரி பக்கத்துக் கடையில் கிடைக்க வேண்டும். இல்லையென்றால் ஐந்தாவது ஆண்டில் அந்த வீட்டுக்காரர் பரணிலிருந்து கொரொபோயை இறக்கித் தூசி தட்டுவார்.