ஒரே மாவட்டம், ரெண்டு மழை

கோவையில் ஆண்டுக்குச் சுமார் 700 மி.மீ. மழை. அதே மாவட்டத்தில், வால்பாறை பக்கம் இருக்கிற சின்னக்கல்லாறில் 3,000 மி.மீ.-ஐத் தாண்டும். ஏன் இவ்வளவு வித்தியாசம்? இன்னிக்கு இதைத்தான் பேசப்போறேன்.

காரணம், மேற்குத் தொடர்ச்சி மலை. ஜூன் முதல் செப்டம்பர் வரை அரபிக்கடலில் இருந்து வரும் ஈரக்காற்று மலையில் மோதி மேலே ஏறுது. ஏற ஏறக் குளிருது. குளிர்ந்த காற்றால் அவ்வளவு ஈரத்தைத் தாங்க முடியாது, மழையாகக் கொட்டிடுது. மலையைத் தாண்டிக் கீழே இறங்கும்போது அதே காற்று சூடாகி, வறண்டுபோகுது. அந்த வறண்ட பக்கத்தைத்தான் மழைமறைவுப் பகுதி என்கிறோம்.

மழை கொட்டுற இடத்தில் மழைக்காடு வளருது. அந்தக் காட்டு மண் தண்ணியைப் பிடிச்சுவெச்சு, ஓடைகளில் மெல்ல மெல்ல விடுது. மேல் சோலையாறு அணையில் சேரும் தண்ணி, பரம்பிக்குளம் ஆழியாறு திட்டம் வழியா பொள்ளாச்சி, உடுமலை வரைக்கும் பாசனத்துக்கு வருது.

தேயிலை, காப்பிக்காக வெட்டினதுபோக, வால்பாறையில் மழைக்காடு துண்டு துண்டாத்தான் மிச்சம். அதுவும் போனா, பெய்யுற மழை மண்ணையும் அடிச்சுக்கிட்டு ஓடிடும். நம்ம தென்னந்தோப்புக்குக் கோடையில் தண்ணி வேணும்னா, மலைமேல காடு இருக்கணும்.